வண்டூர் ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் வசந்தகுமாரி எழுதிய சொற்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் படகோட்டிகள் சங்கத் தலைவர் உதயசூரியன் அண்ணன் அவர்களே, தீவின் வடகோடித் திக்லிபூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் உறவுகளே, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் வண்டூர்ப் பெண்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஷோபா. சொல்லாசிரியை வசந்தகுமாரி அவர்களோடு பதினாறு வருடம் ஐஸ் உடைத்தவள். அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று யாராவது கேட்டால், நாம் கொடுத்தது என்று சொல்லுங்கள்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். சுனாமியில் அவர் கணவர் ஆவுடையப்பனைக் கடல் கொண்டுபோனது. முகாமில் யாரோ நிரப்பிக் கொடுத்த ஆங்கிலப் படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். தன் புருஷனைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்று மாதம் அவருக்குத் தெரியாது. தெரிந்த அன்று அவர் அழவில்லை. அபர்தீன் பஜாருக்குப் போய்ப் பழைய அகராதி ஒன்று வாங்கினார். அவருடைய நோட்டில் முதல் சொல்: மிஸ்ஸிங். பொருள்: காணவில்லை. வாக்கியம்: மை ஹஸ்பண்ட் இஸ் மிஸ்ஸிங்.

பிறகு நோட்டு சுவருக்கு வந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஐஸ் ஃபேக்டரியின் பின்சுவரில் சாக்பீஸால் ஒரு சொல். கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, பொருள், ஒரு வாக்கியம். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் நேரே படகுத்துறைக்குப் போய் டூரிஸ்டுகளிடம் கேட்டு வருவார். வெட்கப்பட்டாரா? ஒருநாளும் இல்லை. ஐலண்ட் என்ற சொல்லை நாற்பது வயது வரை நான் 'இஸ்லாண்ட்' என்றே படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த எஸ் அங்கேயே நிக்கும் ஷோபா, ஆனா வாயத் திறக்காது. ஆபீஸ்ல நாம நிக்கிற மாதிரி. நீ அப்படி நிக்காத" என்றார் அக்கா.

போன வருடம் ஏப்ரலில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ரிசார்ட் கம்பெனியின் ஆள் ஒருவர் காகிதக் கட்டோடு வந்தார். வெறும் ஹாஜிரிதான், கூட்டத்துக்கு வந்ததற்கு அடையாளம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். பதினொரு பேர் போட்டோம். முதலில் போட்டவள் நான். பன்னிரண்டாவதாக நின்ற அக்கா விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். பிறகு சுவருக்குப் போய் எழுதி, உரக்க வாசித்தார். சரெண்டர். பொருள்: உரிமையை விட்டுக்கொடுத்தல். வாக்கியம்: வி சரெண்டர் அவர் ஜெட்டி, எங்கள் படகுத்துறையை விட்டுக்கொடுக்கிறோம். மீன் இறக்கும் துறையை நம் கையாலேயே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

கம்பெனி ஆள் சிரித்தார். முதலில் அந்தச் சொல்லை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொள் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"உச்சாரண் கலத் ஹோகா, சாப். மத்லப் கலத் நஹீன் ஹை."

ஆம், உச்சரிப்பு தவறாக இருக்கலாம். பொருள் தவறில்லை. அந்த இடத்திலேயே பதினொரு கையெழுத்தையும் அடித்தோம். பிறகு அக்கா ஆங்கிலத்தில் எழுதிய ஆட்சேபணை மனுவில் நான்கு எழுத்துப் பிழைகள் இருந்தனவாம். இருக்கட்டுமே! இன்று காலை உங்கள் படகு எந்தத் துறையில் வந்து நின்றது?

சென்ற மாதம் மாரடைப்பு அவரை எடுத்துக்கொண்டது. நான்கே நாளில் அதே கம்பெனி புதிய காகிதத்தோடு வந்துவிட்டது. படிக்கத் தெரிந்தவள் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். அவர் ஒருவர் மட்டுமா படித்தார்? முப்பத்தாறு பெண்கள் படித்தோம். அந்தக் காகிதத்தைப் பொன்னம்மா உரக்க வாசித்தார். தெரியாத சொற்களுக்கு நான் அகராதியைப் புரட்டினேன். கையெழுத்து ஒன்றுகூட விழவில்லை.

நாளை மாலை ஐந்து மணிக்கு வகுப்பு உண்டு. நாளை மறுநாளும் உண்டு. சாக்பீஸ் என் கையில் இருக்கிறது. நான் விழுந்தால் பொன்னம்மா எடுப்பார்.

தலைவர் அவர்கள் இப்போது மௌன அஞ்சலிக்கு அழைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, அக்காவுக்கு மௌனம் வேண்டாம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். புதிய காகிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும் சொல்: கன்சென்ட். பொருள்: சம்மதம். நம்முடைய வாக்கியம்: வி டு நாட் கன்சென்ட்.

கம்பெனி ஆபீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஜன்னல் திறந்திருக்கிறது. சொல்லுங்கள்.