இரண்டு கைகளில் 419

“சார், சைக்கிள் திருடு போகவே இல்ல, ஸ்டாண்ட்காரர் திருடரும் இல்ல, தப்பு முழுக்க நான் எழுதின கம்ப்யூட்டர் கோடுதான், ஆதாரம் இந்த லேப்டாப்லயே இருக்கு சார்!” என்று போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் சொன்னேன். “முதல்ல மூச்சு விடும்மா, அப்புறம் வயசு சொல்லு” என்று எழுத்தர் கேட்டதால் வரிசையாகச் சொல்கிறேன்.

வயது பத்தொன்பது. வீடு கால்பந்து மைதானத்தின் பின்தெருவில், இரண்டாவது மாடி. அணியின் ரசிகர் குழுவில் இருக்கிறேன். கோடு எழுத வீடியோ பார்த்துக் கற்றேன். புகார் கொடுத்தவர் என் சொந்த அண்ணன்.

மைதான வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் நடத்துபவருக்குப் போன மாதம் டோக்கன் ஆப் செய்து கொடுத்தேன். சைக்கிள் விவரத்தைச் சேமித்தால் டேட்டாபேஸ் தானாகவே அடுத்த எண்ணைப் போடும். அந்த எண்ணில் இரண்டு சீட்டு வரும்; ஒன்று ஹேண்டில்பாரில், இன்னொன்று வந்தவர் கையில். சேமித்த கையோடு, ‘இதற்கு நீ போட்ட எண் என்ன’ என்று டேட்டாபேஸிடம் வாங்கியிருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யாமல், சேமித்த பிறகு, ‘பட்டியலில் இருப்பதிலேயே பெரிய எண் எது’ என்று தனியாகக் கேட்டு அதை அச்சடித்தேன். ஒரே போனில் இருபது தடவை சோதித்தேன். இருபதும் சரியாக வந்தது.

அதன் பிறகு ஞாயிறு இறுதிப்போட்டிக்குக் கூட்டம் அதிகமானதால் ஸ்டாண்ட்காரரின் மனைவி இரண்டாவது வாசலில் இன்னொரு போனில் டோக்கன் போட்டார். மாலை 4.12க்கு இரண்டு வாசலிலும் ஒரே நொடியில் இரண்டு சைக்கிள் பதிவாயின; அதில் ஒன்று அண்ணனுடையது. டேட்டாபேஸ் 418, 419 என்று சரியாகவே போட்டது. அதன் பிறகுதான் இரண்டு போனும் பெரிய எண்ணைக் கேட்டன, இரண்டுக்கும் 419 வந்தது. 418 எந்தச் சீட்டிலும் அச்சாகவில்லை.

போட்டி முடிந்து (ஜெயித்தோம், வேண்டாமென்றால் இதை அடித்துவிடுங்கள்) அண்ணன் சைக்கிள் எடுக்கப் போனபோது, 419 சீட்டோடு நின்ற நீல சைக்கிள் அவனுடையது இல்லை. அணியின் நிறம் என்பதால் அங்கே பாதி நீலம்தான். “மெஷின்ல வந்த நம்பர்தாங்க, நான் கையால எழுதலையே” என்று மட்டும் ஸ்டாண்ட்காரர் சொன்னார். போலிச் சீட்டு அடித்து விற்றுவிட்டார் என்று அண்ணன் புகார் கொடுத்தான். போலீஸ் அவரை அழைத்துப் போனபோது சீட்டுச் சுருள் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

அதன் பிறகு வீட்டில் ஆப்பின் கோடைத் திறந்து பார்த்து அண்ணனிடம் சொன்னேன். “லூசு, நீயே போய் மாட்டிக்கிறியா? வாய மூடிட்டு இரு” என்றான். “உனக்கு சைக்கிள் வேணுமா, அவர் உள்ள இருக்கணுமா?” என்று கேட்டேன். நான் கிளம்பும்போது லேப்டாப் சார்ஜரை எடுத்து வந்து கையில் கொடுத்தான்.

“உன் மேல கேஸ் வந்தா?” என்று எழுத்தர் கேட்டார். “வரட்டும் சார், எழுதிக்கோங்க” என்றேன். படித்துக் காட்டினார்கள், நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(கையொப்பம்)

கையொப்பத்துக்குக் கீழே என் கையால் எழுதியது, நிலையப் பலகையிலும் ரசிகர் குழுவிலும் போடுவதற்கு: ஞாயிறு அன்று 419 சீட்டோடு, உங்களுடையது என்று நினைத்து என் அண்ணனின் நீல சைக்கிளை எடுத்துப் போனவரே, உங்களை யாரும் திருடர் என்று சொல்லவில்லை. உங்கள் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கிறது. இன்றே சீட்டோடும் சைக்கிளோடும் இந்த நிலையத்துக்கு வாருங்கள். நீங்கள் வந்தால் ஒருவர் வீட்டுக்குப் போவார். படிக்கும் எல்லோரும் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்புங்கள்.