கோட்டை மிதிக்காமல்

திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒரு அம்மா, "மாதாவே, இந்தத் தபாவாச்சும் அவன் மிதிக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் நடக்கும் போட்டியில் அவருடைய மகன் நீளம் தாண்டுகிறானாம். அவர் பக்கத்திலிருந்த பெண் அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே பாருக்கா."

"நான் மாட்டேன் மேரி. ரெண்டு தபா கோட்ட மிதிச்சு செவப்புக் கொடி காட்டிட்டாங்க. இதையும் மிதிச்சா மூட்ட கட்டினு வர வேண்டியதுதான்."

"அத்தினி தூரம் தாண்றவனுக்குக் கோடு தெரியாதா?"

"கடக்கரைல ஓடிப் பயகினவன்டி. அங்க கோடு போட்டா அலை வந்து அயிச்சிடும். அவன் இன்னா பண்ணுவான்?"

"ஓடி வரான்க்கா!"

மேரி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். நானும் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"இன்னாடி ஆச்சு? வாயத் தொறயேன்."

"வெள்ளக் கொடிக்கா! மிதிக்கல!"

"அப்ப கெலிச்சிட்டானா?"

"இல்லக்கா, எட்டாவது எடத்துல கீறான். மொத எட்டு பேரு இன்னும் மூணு தபா தாண்டணும்."

"இன்னும் மூணு தபாவா? என்னால முடியாதுடி. நீ பாத்துட்டு வந்து சொல்லு, நான் எறங்கி நடக்கிறேன்" என்று அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார்.