அலுமாரிக் கதவில் இடம் மாறி நின்ற மாப்பிள்ளை

வலன்ரைன் மேரி ரோஸ் ஆகிய நான், வயது 36, மன்னார் அரிப்புக் கிராமத்தில் வசிப்பவள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து 2011இல் ஊர் திரும்பினேன். அலுமாரிக் கதவு களவு போனதாக நான் கொடுத்த முறைப்பாடு பற்றி இன்று பொலிஸ் நிலையத்துக்கு நானாகவே வந்து கூறுவதாவது:

கணவர் கடற்கரையில் தங்கித் தொழில் செய்யும் மீன்பிடி வாடிக்குப் போயிருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தபோது அலுமாரியின் ஒரு கதவைக் காணவில்லை. உள்ளே இருந்த சேலை, நகை எல்லாம் இருந்தன. கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கதவுதானே, விடும். நான் வந்து பாக்கிறன்" என்றார். அதில் எனக்குக் கோபம் தலைக்கேறி, அவரிடம் சொல்லாமல் இங்கு வந்து முறைப்பாடு கொடுத்தேன்.

அதன் பின் நேற்று, மன்னாரில் லேசர் மெஷினில் மரம் வெட்டும் ஜெகதீபனின் கடையில் கதவு அகப்பட்டு, அவர் இங்கு கொண்டுவரப்பட்டார். அவர் முகாமில் எங்களோடு இருந்தவர். கள்ளன் என்று ஏசினேன். "சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன் அக்கா, அண்ணை வந்து சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை கணவர் வந்து, எங்கள் கலியாண நாளுக்குப் பரிசாக, நான் பூசைக்குப் போன நேரம் ஜெகதீபனைக் கொண்டு கதவைத் தானே எடுப்பித்ததாகக் கூறினார். அதன் பின் கதவு எனக்குக் காட்டப்பட்டது. மெல்லிய மரத்தகடுகளை வெட்டி, எங்கள் கலியாணப் படத்தை அந்த மரத்துண்டுகளாலேயே கதவில் பதித்திருந்தார்கள். என் சேலை வெளிர் மரம், அவர் கோட் கறுத்த மரம். தடவினால் இணைப்பில் விரல் நகம்கூட இடறவில்லை. லேசர் சூட்டில் முகப்பு கருகாதிருக்கத் தகட்டைக் கவிழ்த்து வெட்டியதாகவும், படத்தைத் திருப்பிப் போட மறந்ததால் ஆட்கள் பக்கம் மாறிவிட்டதாகவும், அதற்குப் பொலிசைவிட எனக்கே பயந்ததாகவும் ஜெகதீபன் கூறினார். "புதுசா வெட்டித் தாறன் அக்கா" என்றார். வேண்டாம் என்றேன்.

சிறுவயதில் போரில் செல் குண்டு விழுந்து வெடித்ததிலிருந்து என் வலது காது கேளாது. கலியாணத்தன்று கோயிலில் முறைப்படி கணவர் என் வலப்பக்கம் நின்றார். அவர் சொன்ன கலியாண வார்த்தைப்பாடு எனக்குக் கேட்கவில்லை. கலியாணத்தை நடத்திய சுவாமியின் முகத்தைப் பார்த்தே என் முறை வந்ததை அறிந்து என் பங்கைச் சொன்னேன். அன்று முதல் நடக்கும்போதும் படுக்கும்போதும் கணவர் என் இடப்பக்கமே. கதவிலும் இப்போது அங்கேதான் நிற்கிறார். எனக்கு அது நல்ல விருப்பம்.

ஜெகதீபன்மீது எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அவரை விடுவித்து, கதவை இன்றே தருமாறு கேட்கிறேன்.

இவ்வளவும் என் இடப்பக்கம் நின்று வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல் தவறாமல் கேட்டேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வ. மேரி ரோஸ்