மேடையில் மட்டும் கரகரக்கும் ஆம்ப்

— யார் யார் இருந்தாங்கங்கிற கதையெல்லாம் எதுக்குக்கா? கடைசி வரியை முதல்ல எழுது. 'உங்க ரிப்பேரும் வேண்டாம், உங்க உறவும் வேண்டாம்.' அவ்வளவுதான். கவர்ல போட்டு ஒட்டு.

— கத்தாம உட்காருடா. புகார்னா முதல்ல யார் இருந்தாங்க, எங்க உட்கார்ந்திருந்தாங்கன்னு எழுதணும். எங்க ஸ்கூல்ல அப்படித்தான் எழுத வெச்சாங்க. கேளு. மில் ஆண்டு விழா மேடை. நடுவுல நீ, கிட்டாரோட. உன் முதுகுக்குப் பின்னாடி நாற்காலி மேல உன் ஆம்ப்ளிஃபயர், அதான் ஆம்ப். வலது பக்கம் டிரம்ஸ்காரர். இடது பக்கம் ஸ்டூல்ல உன் சிநேகிதன் குண்டு, பாஸ் கிட்டார் வாசிச்சுக்கிட்டு. கீழே முதல் வரிசையில, ஓரத்து நாற்காலில அவர். பக்கத்துல நான். சரியா?

— அவர் என்ன அவர்? ஆம்ப் மெக்கானிக்னு எழுது.

— என் புருஷனுக்கு நான் எழுதற லெட்டர்ல அவரையே மெக்கானிக்னு எழுதவா?

— மேல 'பெறுநர்'னு போட்டிருக்க. கீழே 'ஐயா'ன்னு ஆரம்பிச்சிருக்க. கட்டின புருஷனை எவளாவது 'ஐயா'ன்னு கூப்பிடுவாளா?

— கோபமா இருக்கேன்ல, அப்ப 'ஐயா'தான். பொருள்: கிட்டார் ஆம்ப்ல விட்டு விட்டு வர்ற சத்தம். இப்ப சொல்லு. எப்படிப்பட்ட சத்தம்?

— காதுல வெந்நீர் ஊத்தற மாதிரி ஒரு சத்தம். திடீர்னு கரகரங்கும், தானா அடங்கிடும். அடங்கிடுச்சேன்னு அடுத்த பாட்டுக்குப் போனா, நடுவுல மறுபடியும். மில்லுக்காரன் 'என்ன தம்பி, பக்கோடா பொரிக்கிறீங்களா'ன்னு கேட்டான். அடுத்த வருஷம் நமக்கு அந்த மேடை கிடையாது. எரியுதுக்கா எனக்கு.

— எரியட்டும். எங்கெங்க கரகரத்துச்சு?

— காலேஜ் மேடையில. கிளப்ல. மில்லுல. நம்ம ஷெட்ல நாள் பூரா வாசிச்சாலும் ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. மாமா கடைக்குத் தூக்கிக்கிட்டுப் போனா, அங்கேயும் சமத்துப் பிள்ளை. அவரு ஆன் பண்ணிப் பார்த்துட்டு 'நல்லாத்தானே இருக்கு'ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாரு. குண்டு சொல்றான், மாமா ஏதோ வேலை பண்ணி வெச்சிருக்காரு, நாலு பேர் முன்னாடி நான் அசிங்கப்படணும்னு.

— குண்டு சொன்னதை எழுத மாட்டேன். நடந்ததை எழுதறேன். 'இடைவேளையில் தாங்கள் மேடையேறினீர்கள். பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, ஆம்ப்பின் பின்பக்க மூடியின் இடுக்கு வழியாக உள்ளே விட்டு, பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தீர்கள். ஓரத்து வால்வைத் தட்டியதும் ஸ்பீக்கர் கரகரத்தது. இது நான் போட்ட வால்வு இல்லை, யாராவது மாற்றினீர்களா என்று கேட்டீர்கள். யாரும் தொடவில்லை என்று என் தம்பி சொன்னான்.' இதுவரைக்கும் சரியா?

— சரி. அப்புறம் மூடியைக் கழட்டப் போனாரு. நான் கையைத் தட்டிவிட்டேன். பழைய குப்பையை உள்ள வெச்சுட்டு, நாங்க மாத்தினோம்னு எங்க மேலேயே பழி போடறாருக்கா. அத்தனை கூட்டம் பார்க்குது. அப்புறம் அந்த வரி. 'பொய் சொல்லாதீங்க.' கூட்டமே சிரிச்சுச்சு. மூஞ்சி செத்துப்போய், பென்சிலை ஆம்ப் மேலேயே வெச்சுட்டு இறங்கிப் போனாரே, எனக்கு வயிறு குளிர்ந்துச்சு. எழுதிட்டியா அந்த வரியை?

— இல்ல.

— ஏன்? இருக்கறதுலேயே நல்ல வரி அதுதான்.

— எழுதும்போது எழுதிக்கறேன். நீ வாயை மூடு. என்னோடதும் இருக்கு எழுத. அன்னிக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தவ, இன்னும் அவர் வீட்டுப் படி ஏறல. போனைப் போட்டா எடுக்க மாட்டேங்கறார். இந்த லெட்டருக்கு ஒழுங்கா பதில் வரலைன்னா இனிமே ஏறவும் மாட்டேன். அப்புறம் என் சிவப்பு நெயில் பாலிஷ். கேக்காம கடைக்குக் கொண்டுபோய், எது எதுலயோ பூசித் தீர்த்துட்டார். அதையும் எழுதப்போறேன்.

— ஆம்ப் லெட்டர்ல நெயில் பாலிஷா? படிச்சா சிரிப்பாருக்கா.

— சிரிக்கட்டும். இப்ப வரிசையா சொல்லு. ஷெட்லேர்ந்து ஆம்ப் கிளம்பறதுலேர்ந்து மேடையில நீ வாசிக்கிற வரைக்கும், ஒண்ணொண்ணா.

— என்னத்தைச் சொல்ல? போர்வையைச் சுத்தி வண்டில ஏத்துவோம். மேடையில நாற்காலி மேல வைப்போம். புது வால்வைப் போடுவேன். வயரை மாட்டுவேன். ஆன் பண்ணுவேன். சூடாகட்டும்னு ஒரு டீ குடிப்பேன்.

— நில்லு. எந்தப் புது வால்வு?

— மாமா கொடுத்ததுதான். ரிப்பேர் முடிச்சு ஆம்ப்பைத் திருப்பிக் கொடுத்தப்ப, கூடவே ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தாரு, உள்ள வால்வு. ஏதோ சொன்னாரு. நான் போன்ல இருந்தேன், வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். அப்புறம் யோசிச்சேன், புதுசைப் போட்டு ஷெட்ல தேய்ப்பானேன்? ஷெட்டுக்கு, ஆம்ப் உள்ள இருக்கற பழசு போதும். மேடைக்குப் புதுசு. நல்ல சட்டையை வீட்டுல போட்டுக்கிட்டா புரள்றோம்?

— ப்ரோகிராம் முடிஞ்சதும்?

— ஆறின பிறகு கழட்டி, துணியால துடைச்சு, திரும்பப் பெட்டில. பழசை மாட்டிடுவேன். கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கறேன்க்கா அதை.

— அப்படின்னா, 'யாராவது மாத்தினீங்களா'ன்னு அவர் கேட்டப்ப, 'யாரும் தொடல'ன்னு ஏன்டா சொன்ன?

— மாத்தறது வேற, நல்லதை எடுத்துப் போடறது வேற. மாத்தினீங்களான்னு கேட்டா, நான் என்னமோ கண்ட கண்ட குப்பையைப் போட்ட மாதிரி இல்ல இருக்கு?

— பெட்டியைக் கொண்டா.

— ஏன்க்கா முறைக்கிற? இந்தா. பெட்டியைப் பாரு, பளபளன்னு. வால்வைப் பாரு. கம்பெனி முத்திரை கூட இருக்கு, சிவப்பா ஒரு கோடு.

— எந்தக் கம்பெனிடா என் நெயில் பாலிஷ்ல முத்திரை போடுது?

— என்ன?

— என் கலர் எனக்குத் தெரியாதா? கெட்டுப்போன வால்வு மறுபடி எந்த ஆம்ப்லயும் ஏறிடக் கூடாதுன்னு அவர் போடற கோடு இது. கடையில ஒரு தட்டு நிறைய இப்படிக் கோடு போட்டுக் கிடக்கும். புதுசை உள்ள மாட்டுவார். கழட்டின பழசை, புதுசு வந்த பெட்டியிலேயே போட்டு, ஆள் கையில கொடுப்பார். எதை மாத்தினார்னு அவங்க கண்ணால பார்த்துக்கணும்னு. எல்லாருக்கும் அப்படித்தான். நீ போன்ல இருந்தியே, அப்ப சொன்னது இதைத்தான்.

— சும்மா சொல்லாத. அப்ப ஷெட்ல நான் போட்டுத் தேய்ச்சது...

— அதுதான் புதுசு. போ, மூலையில இருக்கற ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டு அதுல இந்தக் குழந்தையைப் போடு, மறுபடி ஆன் பண்ணு. சூடாகட்டும். அவர் விட்டுட்டுப் போன பென்சில் எங்க? கொடு. இப்ப தட்டறேன். கரகரன்னு கேட்டுச்சா?

— ம்.

— இன்னொரு தரம் தட்டவா?

— வேண்டாம்க்கா. கேட்டுச்சு. நிறுத்து.

— இதுக்காகத்தான் நான் என் வீட்டை விட்டு வந்து உன் வீட்டுக் கூடத்துல பாய் போட்டுப் படுத்திருக்கேன்.

— சரி, விடு. லெட்டரைக் கிழிச்சுப் போடு. நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போ, மாமாவும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் ஷெட்ல இருக்கறதையே இனிமே மேடைக்கும் போட்டுக்கறேன். எதுக்கு வீணா கிளறிக்கிட்டு? ஆனா ஒண்ணு, அவரும் அன்னிக்குத் தெளிவா சொல்லியிருக்கலாம்.

— சொல்ல விட்டியாடா நீ? மூடியைக் கழட்டப் போன கையைத் தட்டிவிட்ட. கழட்டியிருந்தா சிவப்புக் கோடு எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும். அசிங்கம் பண்ணும்போது ஊரைக் கூட்டுவ, தப்புன்னு தெரிஞ்சதும் சத்தமில்லாம மூடிடணுமா? உட்காரு. இந்தா தாள். இந்தா அவர் பென்சில். நான் சொல்றேன், நீ எழுது.

— நானா? என் கையெழுத்து எனக்கே புரியாது.

— அவருக்குப் புரியும். முதல்ல யார் யார் இருந்தாங்க, எங்க உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் பெட்டி. அப்புறம் நல்ல சட்டைக் கதை. அப்புறம் கையைத் தட்டிவிட்டது. ஒண்ணு விடாம எழுது. நான் அந்தப் பக்கம் ஜன்னல்கிட்ட இருக்கேன். எட்டிப் பார்க்காத.

— 'மன்னிக்கவும்'னு போடணுமா?

— போடாம இருந்து பாரு.

— எழுதிட்டேன். இந்தா, படிச்சுப் பாரு.

— படிச்சேன். நல்ல சட்டைன்னு எழுதினதை அடிச்சு அடிச்சு எழுதியிருக்க, ஆனா இருக்கு. மடிச்சாச்சு. பசையைக் கொடு. ம், ஆச்சு. முகவரியும் எழுதியாச்சு. போ, தெரு முனைத் தபால் பெட்டில போட்டுட்டு வா.

— கவர் தடியா இருக்கேக்கா. நான் எழுதினது ஒரு தாள்தானே?

— ஒட்டின கவரை ஏன்டா தடவற?

— இன்னொண்ணு நீ எழுதினதா? அதுலயும் 'ஐயா'தானா?

— இல்ல. போடா, தபால்காரர் எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள போடு. முதல் வரிசையிலேர்ந்து எழுந்து நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி அவரைப் பார்த்து 'பொய் சொல்லாதீங்க'ன்னு சொன்னது நீ இல்லையே.