கதவுல ஒட்டுற ஸ்டிக்கர்

ஒட்ட வேண்டாம்னு நான் சொல்லலியே அண்ணாச்சி. நல்லாத்தான் அடிச்சிருக்கீய, கொடியெல்லாம் போட்டு, நம்ம நாட்டுப் பொருளையே வாங்குவோம்னு. செத்த நேரம் உக்காருங்க. நான் கைய நிறுத்த முடியாது, பேசிக்கிட்டே பாக்கேன், கோவிச்சுக்கிடாதீய. சாயந்தரம் வேன் வாரதுக்குள்ள இந்தப் பெட்டி அம்புட்டும் முடியணும்.

அமெரிக்காக்காரன் சாமான வாங்கக் கூடாதுங்கீய. சரி. நான் என்னைக்கு வாங்கினேன்? அவன்தான் எங்ககிட்ட வாங்கிக்கிட்டு இருந்தான். கல்யாணம் ஆன வருசத்துல இருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுதேன், பேண்டேஜ் கம்பெனியில பேக்கிங் வேலைக்கு. அங்க எவனுக்காவது காலு ஒடிஞ்சாத்தான் இங்க மடவார் வளாகத்துல எங்க வீட்டு உலை கொதிக்கும். அப்படித்தான் பொழச்சோம். சொல்லவே வெக்கமா இருக்கு.

பொறவு என்ன, பெரிய மனுசங்களுக்குள்ள சண்டை. எண்ணெய தனக்கு ஆகாத நாட்டுக்காரன்கிட்ட ஏன் வாங்குதேன்னு கேட்டு, நம்ம சரக்கு மேல வரியப் போட்டுட்டான், பாதிக்குப் பாதி. நம்மாளுகளும் டிவியில ரோசமாத்தான் பேசுனாக. பேசட்டும், ரோசம் வேணுந்தான். மாசம் திரும்பல, பூட்டுனது எங்க கம்பெனி கேட்டுல்லா.

வேற நாட்டுக்கு வித்தா என்னங்கீயளா? மொதலாளியும் அதுக்குத்தான் நாயா அலைஞ்சாரு. இத்தன வருசமா தறி, துணி, பெட்டி அம்புட்டும் அந்த ஒருத்தன் கேட்ட அளவுக்கே போட்டு வச்சிருக்கு. இன்னொருத்தன் எதுக்கு வாங்குதான்? ஒத்த வாசல் வச்சு வீட்டக் கட்டிட்டோம் அண்ணாச்சி.

ஒங்களுக்கென்ன, ஆண்டாளப் பாக்க வாரவுக ஒங்க கடையில பால்கோவா வாங்காமலா போயிருவாக? ஆனா ஒண்ணு. சம்பளத்தன்னைக்கு எங்க வீட்டுக்காரர் கருத்தையா ஒங்க கடையிலதான் கால் கிலோ வாங்கிட்டு வருவாரு. அதே கம்பெனியில தறி ஓட்டுனவரு. இப்ப கேரளாவுல மண்ணு சொமக்காரு. அந்தக் கால் கிலோ கொறஞ்சது ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது.

ஆமா, இப்ப கொஞ்சம் வேலை வந்திருக்கு. தேங்கிக் கெடந்த சரக்க மொதலாளி வீட்டுக்கே அனுப்பி விடுதாரு. எனக்கும் என்கூட பேக்கிங்ல இருந்த இசக்கியம்மாளுக்கும் மட்டுந்தான், வாயத் தொறக்க மாட்டோம்னு. இது இங்கருந்து வேற ஏதோ நாட்டுக்குப் போவுமாம். அங்க அந்த நாட்டுப் பேர ஒட்டிக்கிட்டு, அந்த அமெரிக்காவுக்கே போவுமாம். அந்த நாட்டுப் பேருக்கு வரி கம்மியாம்.

வெளிய ஒட்டுனா வெயில்ல உரிஞ்சிரும், உள்பக்கமா ஒட்டுங்க. எடம் இருக்கா பாருங்க. என்ன அப்படிப் பாக்கீய? ஸ்டிக்கர்தான். நாந்தான் ஒட்டுனேன். எல்லாம் இந்தப் பெட்டியில இருந்து உரிச்சது. இந்தியாவுல செஞ்சதுன்னு இங்கிலீசுல போட்டிருக்கு. அந்தப் பேர எடுத்துக் குடுக்கணும், அதான் என் வேலை. வந்ததுல இருந்து அதத்தான் சொரண்டிக்கிட்டு இருக்கேன், நீங்க கவனிக்கல. தரையில போட்டா காலுல மிதிபடுது அண்ணாச்சி. மனசு கேக்கல. அதான் கதவுல.

வெளிய சொல்லிராதீய. இதுவும் போச்சுன்னா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல.

ஒங்களதையும் அந்த ஓரமா ஒட்டிட்டுப் போங்க. அழுத்தி மட்டும் ஒட்டாதீய. நாளைக்கு அதையும் எடுக்கச் சொன்னா, சொரண்ட எனக்கு விரல்ல நகம் இல்ல.