அட்டைக்காரரின் உரிமை

மேசை இழுப்பறையைப் பூட்டாமல் நான் கழிவறைக்குக்கூடப் போனதில்லை, ஐயா. அலுவலகத்தில் என்னைச் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரெல்லாம் கிளை உள்ள மருந்துக்கடை நிறுவனத்தில் வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் அதிகாரி நான். யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தூக்கம் வருவதில்லை, எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. விளம்பரப் பிரிவுக்காரர்கள் மூலநோய்க்காரர்களின் எண்களைக் கேட்டு வந்தபோது, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதல் எங்கே என்று கேட்டு விரட்டிவிட்டேன். அதற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். முதலாளியின் பேச்சில் நம்பிக்கை என்ற சொல் இல்லாத வாக்கியமே இல்லை. கேடயத்தில் என் பெயர்தான் தப்பாக இருந்தது.

அந்தப் பெண் தொலைபேசியில் என்னை அண்ணா என்றாள். கணவனுக்குத் தெரியாமல் மகனோடு வேறு வீட்டுக்கு வந்துவிட்டாளாம். மகனுக்கு இழுப்பு. மருந்தைப் புது வீட்டுக்கு வரவழைத்தபோது, பழைய சலுகை அட்டையின் கணக்கில் அந்த விலாசம் ஏறிவிட்டதாம்.

"அத மட்டும் அழிச்சிடுங்கண்ணா. அவருக்குத் தெரிஞ்சா எங்கள உயிரோட விடமாட்டாரு."

அட்டை யார் பேரில் என்று கேட்டேன். கணவன் பேரில். அப்படியானால் அவர்தான் சொல்ல வேண்டும் என்று பக்குவமாக விளக்கினேன். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். சத்தம் அப்படித்தான் இருந்தது.

சில நாளில் கணவரே வந்தார். பூட்டு பழுதுபார்ப்பவர், அதிராமல் பேசுகிற மனிதர். தன் கணக்கிலுள்ள விவரங்களைக் கேட்டார். சட்டம் கொடுத்த உரிமை. பதில் சொல்ல எனக்கு அவகாசம் உண்டு. அடுத்தவர் விவரம் கலந்திருந்தால் அதை மறைத்துத் தரவேண்டும் என்ற விதியும் உண்டு. அலுவலகத்தில் அந்த விதிக்கு வகுப்பு எடுத்ததே நான்தான். அவள் குரலும் காதில் இருந்தது. ஆனால் அது தணிக்கை வாரம். மறைத்தால் மனிதர் புகார் கொடுப்பார். என் பேரில் அதுவரை ஒரு புகார் இல்லை.

தேநீர் வரவழைத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, என் இழுப்பறையைப் பார்த்தார்.

"சார், இந்தப் பூட்டு சும்மா பேருக்குத்தான். ஒரு ஊசி போதும்."

தாயும் மகனும் செத்துக் கிடந்த வீட்டில் கதவு உடைபடவே இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். தொழில் சுத்தமானவர். மருந்து தீரப்போகிறது என்ற நினைவூட்டல் அவள் எண்ணுக்குப் போகாமல் அன்றே நிறுத்தினேன். விலாசத்தையும் அழித்தேன். தேவை முடிந்த விவரத்தை வைத்திருக்கக் கூடாது.

தெரிந்துதானே கொடுத்தீர்கள் என்று வீட்டில் மனைவி கேட்டாள். ஆமாம், தெரிந்துதான். அதை உங்களிடமும் மறைக்கவில்லை.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று காவல் நிலையத்திலிருந்து வந்து கேட்கிறீர்கள். எங்கள் வேறொரு கிளையிலிருந்து தூக்க மாத்திரை வாங்குகிறார்; விலாசம் என்னிடம் இருக்கிறது. முறைப்படி எழுத்தில் ஆணை கொண்டுவாருங்கள், அவகாசத்துக்குள் பதில் தருகிறேன். அதுவரை அவர் என் வாடிக்கையாளர். யாரையும் காட்டிக்கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு.