மருதாயி ஏறாத ஜீப்பு

“உனக்கு ராசியில்லன்னு மொதல்ல சொன்னது யாரு, மருதாயி?”

சமூகப் பணியாளர் ரேணுகா போன வாரம் இப்படிக் கேட்டபோது மருதாயி திகைத்துப்போனாள். ஊரே சொல்கிறது, இதில் முதல் ஆள் யார்? அவள் ஏறிய நாளில் இரண்டு தடவை மலைப்பாதையில் ஜீப்பு நின்றுபோனது. அதிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் அவளை ஏற்றுவதில்லை. வேலையும் போயிற்று. இன்று காலை ஊருக்குச் சாலை பிரியும் சிலமலை விலக்கில் நின்றபடி அவளே ரேணுகாவைக் கூப்பிட்டாள்.

“அலோ... ரேணுகாக்கா? மருதாயி பேசுறேன்... இல்லல்ல, அழுகல, சிரிக்கிறேன்!... ஆமா, ஆமா, இன்னைக்கும் ஏத்தல. கையக் காட்டுறேன், முத்துப்பாண்டியண்ணே வெரசா ஓட்டிட்டுப் போயிட்டாரு... அட, முழுசாக் கேளுங்கக்கா! அந்தப் புளியமரத்தத் தாண்டல, ரெண்டு இருமு இருமிட்டு வண்டி நின்னுபோச்சு!... சத்தியமா! நான் இங்கன, வண்டி அங்கன!... ஆமாக்கா, நீங்க சொன்னதுதான். ராசி எங்கிட்டயும் இல்ல, வண்டியிலயும் இல்ல, நாங்க பேசிப் பேசி உண்டாக்குனது... இருங்க, வண்டியில இருக்கவளுக என்னயக் கூப்புடுறாளுக. வண்டியத் தள்ளணுமாம்! ஏத்துறதுக்கு ஆகாதவ, தள்ளுறதுக்கு ஆவேனாக்கும்?... சரி, சரி, போறேன். போன வச்சுறாதீக.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய் மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினாள். ஜீப்பு குலுங்கி, உறுமிக் கிளம்பியது.

“அக்கா! சத்தம் கேக்குதா? நான் கை வச்சதும் ஓடிருச்சு!... ஐயோ, இந்தக் கூத்தக் கேளுங்க. நான் ராசிக்காரியாம்! முன்சீட்டுல ஒக்காரணுமாம்!... ம்... ம்... ஆமால்ல, இதுவும் இவளுக வச்ச பேருதான். நாளைக்கு டயரு வெடிச்சா?... ஏய், எனக்குப் பின்னாடிப் பலகையே போதும்டி!... என்னக்கா?... இம்புட்டு நேரம் முன்சீட்டுல இருந்ததா? பொன்னுமணி மதினி. எனக்கு ராசியில்லன்னு மொதல்ல பேரு வச்ச மகராசி அவுகதான், ராத்திரி யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்... கேளுங்க, கேளுங்க, இப்ப வண்டி நின்னது அவுகளாலதானாம். ராசியில்லாதவ பொன்னுமணியாம்! நல்லா வேணும்! எனக்கு வயிறு வலிக்குதுக்கா சிரிச்சு...”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

“...இப்ப மதினிய அப்பிடி மொதல்ல சொன்னது யாரா?... அருள்மொழி... ஆமா... நானுந்தான் சிரிச்சேன்... ஆமாக்கா... ஏய் அருள்மொழி, வாய மூடு! முத்துப்பாண்டியண்ணே, வண்டிய எடுக்காதீக. மதினி ஏறாம நானும் ஏற மாட்டேன்... மதினி! எங்க போறீக? வாங்க மதினி, எம்பக்கத்துல ஒக்காருங்க... அக்கா, வைக்கிறேன்.”

பொன்னுமணி அதற்குள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்துகொண்டிருந்தாள்.